ஸ்பீக்கர் சுவரிலிருந்து எத்தனை அடி?

வாசகர் கேள்வி:

வணக்கம் டாக்டர். எனக்கு 23 வயது. சொந்த ஊர் மதுரை. பிரான்சில் நாந்த் நகரில் முதுகலை படிக்கிறேன். ஜூன் 21 இசைத் திருவிழா அன்று நண்பர்களோடு சேர்ந்து முதலில் ஊருக்குள் தெருக் கச்சேரிகள், நள்ளிரவுக்கு மேல் ஊருக்கு வெளியே சவுண்ட் சிஸ்டம் வைத்து நடக்கும் ஒரு ஃப்ரீ பார்ட்டி என்று திட்டம் போட்டிருக்கிறோம். போன வருஷமும் போனேன். ஸ்பீக்கர் பக்கத்திலேயே மூன்று மணி நேரம் ஆடினேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்து ரொம்ப நாளாகியிருந்தது. ஆனால் அடுத்த இரண்டு நாளும் காதுக்குள் 'கொய்ங்' என்று சத்தம், பஞ்சு அடைத்த மாதிரி மந்தம். அப்புறம் தானாகச் சரியாகிவிட்டது. லியோனில் இருக்கும் அண்ணன் இந்த முறை போகவே கூடாது என்கிறார். சரியாகிவிட்ட காதுக்கு எதற்குப் பயம்? போகலாமா, வேண்டாமா?

வாசகி, நாந்த்

பதில்:

போகலாம். அண்ணனிடமும் அப்படியே சொல்லுங்கள். ஆனால் போன வருஷம் போன மாதிரி போகக் கூடாது. அந்த இரண்டு நாள் சத்தத்தை நீங்கள் லேசாக எடுத்துக்கொண்டது எனக்குக் கவலையாக இருக்கிறது. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் பாரிஸ் புறநகரில் காது, மூக்கு, தொண்டை மருத்துவர். ஜூன் 22 விடிந்தால் உங்கள் வயதுப் பிள்ளைகள் வர ஆரம்பித்துவிடுவார்கள். அப்படி வந்த ஒரு பையன் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறான். சத்தம் புகாத சிறிய அறையில் உட்காரவைத்து, காதில் ஹெட்ஃபோனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தோம். சின்னதாக 'பீப்' கேட்டால் அமுக்க வேண்டும். தாழ்ந்த சுருதியில் டக், டக் என்று அமுக்கிக்கொண்டே வந்தான். மேல்சுருதியான 4000 ஹெர்ட்ஸ் வந்ததும் விரல் நின்றுவிட்டது. நாங்கள் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறோம், அவன் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக் காத்திருக்கிறான், இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு. வரைபடத்தில் அந்த இடத்தில் கோடு பள்ளத்தில் விழுந்து, 8000-இல் கொஞ்சம் ஏறியது. இரைச்சலால் அடிபட்ட காதின் கையெழுத்து அது.

உள்காதில் நத்தை ஓடு போன்ற ஓர் எலும்புக் கூடு இருக்கிறது. அதற்குள் ஒவ்வொரு காதிலும் ஏறத்தாழ 15,000 மயிரணுக்கள் வரிசையாக நிற்கின்றன. ஒலி வந்தால் அவற்றின் நுனி அசையும், அந்த அசைவுதான் நரம்புக்கு மின்சாரமாகப் போகிறது. அதிக ஒலி வெகுநேரம் அடித்தால் அவை களைத்துத் துவண்டுவிடும். உங்களுக்கு இருந்த மந்தமும் ரீங்காரமும் அந்தக் களைப்புதான். ஓய்வு கிடைத்தால் பலவும் நிமிர்ந்துவிடும். செத்துப்போனவை மட்டும் திரும்ப முளைக்காது. மனிதருக்கு அந்த வரம் இல்லை.

'சரியாகிவிட்டதே' என்று கேட்கிறீர்கள். 2009-இல் அமெரிக்காவில் குஜாவா, லிபர்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சுண்டெலிகளுக்கு 100 டெசிபல் இரைச்சலை இரண்டு மணி நேரம் கேட்கவைத்தார்கள். சில நாளில் கேட்கும் அளவு பழையபடி திரும்பிவிட்டது, மயிரணுக்களும் உயிரோடு இருந்தன. ஆனால் அவற்றை நரம்போடு இணைக்கும் முடிச்சுகளில் பாதிவரை அழிந்துபோயிருந்தன. எலிக்கு நடந்தது அப்படியே மனிதருக்கும் நடக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் பரிசோதனையில் எல்லாம் சரி என்று வந்த பிறகும், கூட்டத்தில் யாராவது பேசினால் புரியவில்லை என்று சொல்லும் இளைஞர்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஆய்வு நினைவுக்கு வரும். முதலில் போவது மெய்யெழுத்துகள்தான். ச, த, க, ப ஆகியவற்றைப் பிரித்துக் காட்டும் மெல்லிய ஒலிகள் மேல்சுருதியில் இருக்கின்றன. 'சட்டி' என்றாலும் 'தட்டி' என்றாலும் ஒன்றாகத் தோன்றும். பேசுகிறார்கள் என்று தெரியும், என்ன பேசுகிறார்கள் என்று தெரியாது.

சரி, போகிற விஷயத்துக்கு வருவோம். இந்தத் திருவிழாவை 1982 ஜூன் 21 அன்று தொடங்கியவர்கள் அப்போதைய பண்பாட்டு அமைச்சர் ழாக் லாங்கும், அவரிடம் இசைத் துறை இயக்குநராக இருந்த மொரீஸ் ஃப்ளெரேவும். நாட்டில் ஐம்பது லட்சம் பேர் ஏதோ ஒரு வாத்தியம் வாசிக்கிறார்கள், அவர்கள் எல்லாரும் ஒருநாள் தெருவுக்கு வரட்டும் என்பதுதான் யோசனை. முதல் வருஷம் அது நடந்தது இரவு எட்டரை முதல் ஒன்பது வரை, அரை மணி நேரம். இன்று விடியவிடிய நடக்கிறது. கித்தாரும் அக்கார்டியனும் இருந்த மூலைகளில் ஆளுயர ஸ்பீக்கர்கள் வந்துவிட்டன. எனக்கு அதில் வருத்தம் இல்லை. சவுண்ட் சிஸ்டம் என்பது 1950-களில் ஜமைக்காவின் கிங்ஸ்டன் தெருக்களில் ஏழைகள் தங்களுக்காகத் தாங்களே உண்டாக்கிக்கொண்ட மேடை. அது இங்கிலாந்துக்கு வந்தது. 1992-இல் காசில்மார்ட்டன் புல்வெளியில் பல்லாயிரம் பேர் கூடி ஒரு வாரம் ஆடியதும் அங்கே சட்டம் இறுகியது. சவுண்ட் சிஸ்டம் வைத்திருந்த குழுக்களில் சில ஆங்கிலக் கால்வாய் கடந்து பிரான்சுக்கு வந்து, 1993-இல் பொவே பக்கத்தில் இங்கே முதல் டெக்னிவாலை, அதாவது டெக்னோ இசைக்கான பெரிய ஃப்ரீ பார்ட்டியை, நடத்தின. நீங்கள் நள்ளிரவுக்கு மேல் போகப்போகும் வயல்வெளி அந்த வழியில் வந்ததுதான். காசு வாங்காமல், கையால் செய்த பெட்டிகளை வேனில் ஏற்றிவந்து, ஜெனரேட்டர் வைத்து, மறுநாள் குப்பையையும் பொறுக்கிக்கொண்டு போகிறவர்கள் அந்தக் கூட்டத்தில் நிறைய இருக்கிறார்கள்.

ஆனால் என் தொழில் சம்பந்தப்பட்ட ஒரு வித்தியாசம் இருக்கிறது. பிரான்சில் 2017 ஆகஸ்டில் வந்த ஆணைப்படி, ஒலிபெருக்கி வைத்து நடக்கும் நிகழ்ச்சிகளில் 15 நிமிடச் சராசரி 102 டெசிபலைத் தாண்டக் கூடாது. பேஸ் எனும் தாழ்ந்த சுருதி ஒலியை முழுதாகச் சேர்த்து அளக்கும் கணக்கில் 118. கேட்க வருகிறவர்களுக்கு இயர் பிளக் இலவசமாகக் கொடுக்க வேண்டும், காது ஓய்வெடுக்க ஓர் இடமோ இடைவேளையோ இருக்க வேண்டும். ஃப்ரீ பார்ட்டியில் அந்த அளவுக் கருவி இல்லை, அதைப் பார்க்கிற ஆளும் இல்லை. 2001-இல் வந்த சட்டத்தின்படி இப்போது 500 பேருக்கு மேல் கூடும் பார்ட்டியை முன்கூட்டியே அரசு நிர்வாகத்திடம் அறிவிக்க வேண்டும். அறிவித்தால் தடுத்துவிடுவார்கள் என்ற பயத்தில் பலர் அறிவிப்பதில்லை. அறிவிக்காத இடத்தில் 102-ஐக் காப்பாற்ற யாரும் வரமாட்டார்கள். அந்தச் சட்டத்தை நீங்களே பையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

கணக்கை ஒருமுறை விளங்கிக்கொண்டால் மறக்காது. தொழிற்சாலைகளுக்காக அமெரிக்காவில் வகுத்த பரிந்துரை ஒன்று உண்டு: 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம். 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும். 88-இல் 4 மணி, 91-இல் 2 மணி என்று இறங்கி, 100-இல் 15 நிமிடம், 102-இல் பத்து நிமிடம்கூட இல்லை. இது வாழ்நாள் முழுக்கத் தினமும் வேலை செய்கிறவருக்கான கணக்கு, ஒரே இரவில் பத்து நிமிடம் தாண்டினால் செவிடாகிவிடுவீர்கள் என்று அர்த்தமில்லை. ஆனால் காது எப்படிச் செலவு எழுதுகிறது என்பதை இது காட்டுகிறது. எவ்வளவு சத்தம் என்பதோடு எவ்வளவு நேரம் என்பதையும் பெருக்கித்தான் எழுதுகிறது. நீங்கள் மூன்று மணி நேரம் நின்றீர்கள்.

இனி தூரம். திறந்த வெளியில் ஒரு ஸ்பீக்கரிலிருந்து தூரம் இரட்டிப்பானால் ஏறக்குறைய 6 டெசிபல் குறையும். 3 மீட்டரில் 110 என்று வைத்துக்கொண்டால் 6 மீட்டரில் 104, 12 மீட்டரில் 98. பெட்டிகளைச் சுவர் மாதிரி அடுக்கியிருந்தால் பக்கத்தில் இவ்வளவு வேகமாகக் குறையாது. அதனால் சுவர் எவ்வளவு அகலமோ அதைவிட அதிகமாகவே தள்ளி நில்லுங்கள். மேல்சுருதி வருகிற ஹார்ன் வாய்க்கு நேராக நிற்க வேண்டாம், கொஞ்சம் பக்கவாட்டில் நில்லுங்கள். நீங்கள் தேடிப் போகிற அந்த நெஞ்சு அதிர்வு தாழ்ந்த பேஸில் இருந்து வருகிறது. அது பின்னாலும் வரும், தரை வழியாகவும் வரும். காதுக்குள் ஊசி மாதிரி இறங்கும் மேல்சுருதியோ நேராக, ஒரு திசையில் பாய்கிறது. அதனால் பதினைந்து இருபது மீட்டர் தள்ளி நின்றால் ஆட்டத்தில் இழப்பு குறைவு, காதுக்கு லாபம் அதிகம். இதை நான் நோயாளிகளிடம் சொல்லிச் சொல்லி, போய்ப் பார்த்துவிட்டு வந்து 'டாக்டர், அங்கேதான் பாட்டே நன்றாகக் கேட்டது' என்று சொன்னவர்கள் உண்டு. ஸ்பீக்கருக்குள் தலையை விடுகிறவர்களையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். கையைப் பிடித்து இழுத்து வாருங்கள்.

அடுத்தது இயர் பிளக். 2015 செப்டம்பரில் ஆம்ஸ்டர்டாமில் ஒரு திறந்தவெளி இசை விழாவுக்கு 51 பேரைச் சீட்டுப் போட்டு இரண்டாகப் பிரித்து அனுப்பினார்கள், பாதிப் பேருக்கு இயர் பிளக் கொடுத்து, பாதிப் பேருக்குக் கொடுக்காமல். நாலரை மணி நேரம், சராசரி 100 டெசிபல். திரும்பி வந்ததும் சோதித்தால், போடாதவர்களின் காதுகளில் 42 சதவீதத்தில் கேட்கும் திறன் தற்காலிகமாக இறங்கியிருந்தது. போட்டவர்களில் 8 சதவீதம். காதில் அடைக்கும் ஒரு சின்னத் துண்டு செய்த வேலை அது.

ஆனால் ஒழுங்காகப் போட வேண்டும். வெள்ளைக்காரர் தமிழர் வித்தியாசம் இல்லாமல் பத்தில் ஏழெட்டுப் பேர் என் முன்னால் தவறாகத்தான் போட்டுக் காட்டுகிறார்கள். பாட்டில் மூடி மாதிரிக் காதின் வாயில் நின்றுகொண்டிருக்கும். முதலில் கையைக் கழுவுங்கள். நுரை வகை இயர் பிளக் என்றால் அதை விரல்களுக்கு நடுவே திரியைப் போல, மடிப்பு விழாமல் மெல்லியதாக உருட்டுங்கள். வலது காதுக்குப் போடுவதென்றால் இடது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காதின் மேல்பகுதியைப் பிடித்து மேலேயும் பின்னேயும் இழுங்கள். காதுக் குழாய் நேராகும். உள்ளே தள்ளி, விரலை எடுக்காமல் முப்பது எண்ணுங்கள், அது விரிந்து அடைத்துக்கொள்ளும். உங்கள் குரலே குடத்துக்குள் பேசுவது போலக் கேட்டால் சரியாகப் போட்டிருக்கிறீர்கள். வீட்டில் இரண்டு மூன்று தடவை பழகிக்கொள்ளுங்கள், இருட்டில் முதல்முறை முயற்சி செய்தால் வராது. பாட்டின் நிறம் கெடுகிறது என்று தோன்றினால் ஃபில்டர் வைத்த சிலிக்கான் வகை மருந்துக் கடைகளிலும் இசைக் கருவிக் கடைகளிலும் கிடைக்கிறது, எல்லாச் சுருதியையும் ஏறக்குறையச் சமமாகக் குறைக்கும், நாலைந்து வருஷம் நீங்கள் ஆடப்போகிறவர் என்றால் அந்தச் செலவு தகும். பஞ்சும் காகிதக் கைக்குட்டையும் வேண்டவே வேண்டாம், அடைத்த மாதிரி இருக்கும், பெரிதாக ஒன்றும் தடுக்காது.

உண்மையில் 15 டெசிபல் குறைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே 102 என்றால் உங்களுக்கு 87. மேலே சொன்ன அதே கணக்கில் பத்து நிமிடம் ஐந்து மணி நேரமாகிவிடுகிறது. அதோடு ஒரு விஷயம், இதை யாரும் சொல்வதில்லை: நடுவில் கழற்றக் கூடாது. ஐந்து மணி நேரத்தில் பேசுவதற்கும் புகைப்படம் எடுப்பதற்கும் என்று மொத்தம் அரை மணி நேரம் கழற்றி வைத்தாலே, எவ்வளவு நல்ல இயர் பிளக்காக இருந்தாலும் மொத்தத்தில் கிடைக்கும் பாதுகாப்பு 10 டெசிபலுக்கு மேல் போகாது. பேச வேண்டுமென்றால் இருவரும் கூட்டத்தை விட்டுத் தள்ளிப் போய், வேன்களுக்குப் பின்னால் நின்று பேசுங்கள். காதோடு வாயை வைத்துக் கத்தும் பழக்கம் நட்பானதுதான், ஆனால் அந்தக் கத்தலே ஒரு ஸ்பீக்கர். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் அப்படித் தள்ளி உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள். சில பார்ட்டிகளில் டெக்னோ பிளஸ் போன்ற தன்னார்வ அமைப்புகள் ஒரு மேசை போட்டு இயர் பிளக், தண்ணீர், ஆலோசனை என்று இலவசமாகக் கொடுப்பார்கள். கூச்சப்படாமல் போய்க் கேளுங்கள்.

மது, மாத்திரை பற்றி நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்லாமல் விடமாட்டேன். காது வலிக்கிறது, உடம்பு களைத்துவிட்டது என்று சொல்லும் மணியை அவை அணைத்துவிடுகின்றன. பலூனில் அடைத்துக் கொடுக்கும் சிரிப்பு வாயு பி12 சத்தைச் செயலிழக்கச் செய்து கால் நரம்பைப் பாதிக்கக் கூடியது, விளையாட்டல்ல. உங்கள் கையில் திறக்காததைக் குடிக்காதீர்கள். 2025 இசைத் திருவிழாவில் நாடு முழுதும் 145 பேர் யாரோ ஊசியால் குத்தியதாகப் புகார் செய்தார்கள். அப்படி ஏதாவது உணர்ந்தால் வெட்கமோ தயக்கமோ வேண்டாம், உடனே கூட இருப்பவர்களிடம் சொல்லி 15 என்ற எண்ணை அழையுங்கள், அவசர சிகிச்சைக்குப் போங்கள். யாராவது மயங்கினாலும் அதே எண். போலீசுக்குப் பயந்து தாமதிக்காதீர்கள்.

நீங்கள் நாந்தில் இருப்பதால் இன்னொன்றையும் எழுதுகிறேன். 2019 ஜூன் 21 இரவு, இதே திருவிழாவில், லுவார் ஆற்றங்கரையில் வில்சன் துறையில் சவுண்ட் சிஸ்டம் வைத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். விடியற்காலை நாலரை மணி வாக்கில் போலீஸ் கலைக்க வந்து கண்ணீர்ப்புகை போட்டது. புகையில் கண் தெரியாமல் பலர் ஆற்றில் விழுந்தார்கள். ஸ்டீவ் மையா கனிசோ என்ற நீச்சல் தெரியாத 24 வயது இளைஞர் வீடு திரும்பவில்லை, ஐந்து வாரம் கழித்துத்தான் உடல் கிடைத்தது. அந்தப் பெயரை நாந்த் சுவர்களில் நீங்களே பார்த்திருப்பீர்கள். இரண்டு வருஷம் கழித்து அவர் நினைவாக ரெதோன் அருகே நடந்த ஃப்ரீ பார்ட்டியைக் கலைத்தபோது ஒரு 22 வயதுப் பிள்ளை கையை இழந்தான். யார் மேல் தப்பு என்று பேச எனக்கு நிறைய இருக்கிறது, இங்கே இடமில்லை. உங்களுக்குச் சொல்வது இதுதான்: போனதும், வெளிச்சம் இருக்கும்போதே ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். ஜூன் 21 அன்று நாந்தில் பத்து மணிக்கு மேல்தான் சூரியன் மறைகிறது. தண்ணீர் எந்தப் பக்கம், பள்ளம் எந்தப் பக்கம், சாலை எந்தப் பக்கம் என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வயலுக்கு இருட்டிய பிறகுதான் போகிறீர்கள் என்றால் கைவிளக்கோடு போங்கள். தண்ணீருக்கு முதுகு காட்டி ஆட வேண்டாம். கலைக்க வருகிறார்கள் என்றால் வாக்குவாதத்துக்கு நிற்காமல், சாலை இருக்கும் பக்கமாக, ஓடாமல் நடந்து வெளியேறுங்கள். அந்த நேரத்தில் இயர் பிளக்கைக் கழற்றாதீர்கள். கலைக்க வீசும் கையெறி குண்டு வெடிக்கும் ஒரே சத்தம், 140 டெசிபலைத் தாண்டினால், மணிக்கணக்கில் பாட்டு செய்யாததைக் காதுக்கு ஒரு நொடியில் செய்துவிடும்.

திருவிழாவுக்கு முன்னால் ஒரு வேலை. உங்கள் குடும்ப மருத்துவரிடம் போன வருஷம் நடந்ததைச் சொல்லி, காது மருத்துவருக்குக் கடிதம் வாங்கி, செவித்திறன் பரிசோதனை ஒன்று செய்துகொள்ளுங்கள். இருபது நிமிட வேலை, வலியில்லை. அந்த வரைபடத்தின் நகலைப் பத்திரமாக வையுங்கள். பின்னால் எப்போதாவது ஏதாவது என்றால் எதோடு ஒப்பிடுவது என்று நாங்கள் தேட வேண்டியிருக்காது. 4000-இல் பள்ளம் ஏற்கெனவே இருந்தால், நான் மேலே சொன்ன பதினைந்து மீட்டரை முப்பதாக்கிக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை லேசாக ரீங்காரம் இருந்தால் பதற வேண்டாம், ஒரு நாள் முழுக்க அமைதியாக இருங்கள். தூங்கி எழுந்து, ஒரு நாள் கழித்தும் அது அப்படியே இருந்தால், அல்லது ஒரு காது அடைத்தே இருந்தால், போன தடவை மாதிரி காத்திருக்காதீர்கள். அன்றே காது மருத்துவர், கிடைக்கவில்லை என்றால் மருத்துவமனை அவசரப் பிரிவு. ஸ்டீராய்டு மருந்து கொடுக்க வேண்டிய நிலை என்றால் முதல் ஓரிரு நாளில் கொடுப்பதற்கும் ஒரு வாரம் கழித்துக் கொடுப்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. நான் சொன்ன அந்தப் பையன் இரண்டாம் நாளே வந்தான். பள்ளம் முழுதாக மூடவில்லை, ஆனால் பாதிக்கு மேல் ஏறிவிட்டது.

விடிந்து முதல் டிராமில் திரும்பும்போது எல்லாரும் இரவில் எடுத்த வீடியோவைப் போட்டுக் காட்டுவார்கள், உங்களுக்கும் ஹெட்ஃபோனை மாட்டத் தோன்றும். அன்றைக்கு மட்டும் வேண்டாம். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, அண்ணனுக்கு நல்லபடியாக வந்துவிட்டேன் என்று ஒரு வரி அனுப்புங்கள்.